நீல மொட்டை

கோகுல்ராஜின் தலை நீலமாகிவிட்டது.

கழுத்துக்கு மேலே நிஜமாக இருக்கிற தலை இல்லை. அது வழக்கம்போலக் கறுகறுவென்று சுருள் முடியோடு நன்றாகத்தான் இருந்தது. லேப்டாப் திரையில், பழனி மலையைப் பின்னால் வைத்து எடுத்த போட்டோவில் இருக்கிற தலைதான் வானத்து நீலத்தில் உருண்டையாக நின்றது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. சட்டைக் காலருக்கு மேலே நேராக ஒரு நீலப் பந்து.

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் மணியன் எட்டிப் பார்த்தார்.

"ஏலே மாப்ளே, முருகன் கோயிலுக்கு வந்துட்டுக் கிருஷ்ணன் வேசம் எதுக்கு?"

"இருங்க மாமா. கலர் மாறிப் போச்சு."

"இதை அனுப்புனா, புள்ளைய பாம்பு கடிச்சிருச்சுன்னு எங்கக்கா ஒப்பாரி வச்சுரும்."

அந்த அக்காதான் போனில் கூப்பிட்டாள். கோகுல்ராஜ் எடுத்தான்.

"ஏன்யா கோகுலு, மொட்டை போட்டாச்சா?"

"ஆ... ஆச்சும்மா."

"போட்டோ எங்க? வெள்ளனே போனவுக, இன்னும் ஒரு போட்டோ வரல. நான் பொண்ணு வீட்டுல உக்காந்துருக்கேன். கேக்குறாங்கல்ல?"

"நெட்டு சரியில்லம்மா. சுத்திக்கிட்டே கெடக்கு. இந்தா அனுப்புறேன்."

போனை வைத்துவிட்டு நீலப் பந்தையே பார்த்தான். நீலப் பந்து அவனைப் பார்க்கவில்லை. அதற்குத்தான் கண் இல்லையே.

விஷயம் இதுதான். கொடைக்கானல் பக்கத்து மலைக் கிராமமான பள்ளங்கியில் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம் கோகுல்ராஜுடையது. படித்து முடித்து வெகுகாலம் வேலை கிடைக்காமல், பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அன்னக்கொடி அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் பழனிக்குப் படியேறிப் போய், "முருகா, என் புள்ளைக்கு ஒரு சோலி கெடைச்சா முழு மொட்டை போட வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு வந்தாள்.

முருகனும் தாமதம் செய்யவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. காய்கறிகள் வரிசையாக ஓடிவரும். மேலே ஒரு கேமரா படமெடுக்கும். நல்ல கேரட்டைச் சுற்றிப் பச்சை வட்டம், சொத்தைக் கேரட்டைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் என்று அந்தப் படத்தின்மேல் தானாகவே வரையும்படி நிரல் எழுத வேண்டும். கோடு, வட்டம், கட்டம் எல்லாம் போடத் தெரிந்த கட்டளைகளை யாரோ புண்ணியவான்கள் எழுதி மூட்டையாகக் கட்டி, 'ஓப்பன்சிவி' என்று பெயரும் வைத்து, எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சரியாகக் கொடுத்தால் போதும், அது வரைந்துவிடும்.

"கட்டம் போடுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? எங்க வீட்டுப் புள்ளைக செவுத்துல சும்மாவே போடுதுக" என்று பள்ளங்கியில் கேலி பேசாதவர்கள் இல்லை. அன்னக்கொடி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் காத்திருந்தது மொட்டைக்கு.

அதைத்தான் மகன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். புது வேலை, உடனே லீவு கேட்க முடியாது என்றான். ஆபீஸ் அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்றான். மலைக் குளிருக்கு மொட்டை ஆகாது, மண்டைக்குள் சளி கோத்துக்கொள்ளும் என்றான். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

உண்மைக் காரணம் அவன் அப்பா வேலப்பனின் தலை. அவரும் இதே வயதில் பழனியில்தான் மொட்டை போட்டார். "அன்னைக்குத் துபாய்க்குப் போன மாதிரிப் போன முடி, இன்னும் ஊர் திரும்பல" என்று மணியன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவின் தலையில் ட்யூப்லைட் வெளிச்சம் வழுக்கி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கோகுல்ராஜின் கை தானாகத் தன் சுருள் முடிக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் ரோகிணியின் போட்டோ வந்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்துப் பெண். அவள் அப்பா இராமலிங்கம் ஏரிப் பக்கம் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கிற கடை வைத்திருக்கிறார். போட்டோவில் அவள் சிரித்த சிரிப்பு கோகுல்ராஜுக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது சடை. இடது தோளிலிருந்து இடுப்புவரை, ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல நேராக இறங்கிய சடை.

"இவ்வளவு நேரான சடையை நான் பாத்ததே இல்ல மாமா" என்று உருகினான்.

"எனக்கென்னமோ கரண்டுக் கம்பம் மாதிரித் தெரியுது" என்றார் மணியன்.

"உங்களுக்கு ரசனை பத்தாது."

அப்பேர்ப்பட்ட சடைக்காரி ஒரு மொட்டைத் தலையைத் திரும்பிப் பார்ப்பாளா? அப்புறம் அந்தத் தலையில் முடி வராமலே போய்விட்டால்? இந்தக் கவலையில் பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, பாவம்.

அன்னக்கொடியோ கறாராகச் சொல்லிவிட்டாள். "நேர்த்திக்கடனை வச்சுக்கிட்டு நல்ல காரியம் பேச மாட்டேன். நான் முன்னால பொண்ணு வீட்டுக்குத் தட்டோட போறேன். நீ பழனியில மொட்டை போட்டுட்டு நேரா அங்க வா. மொட்டைத் தலையோடதான் அந்த வாசப்படிய மிதிக்கணும்." காவலுக்குத் தம்பி மணியனையும் கூடவே அனுப்பினாள்.

மணியன் பழனிக்கு வந்தால் வேண்டுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொட்டை போடுகிற ஆள். வந்ததும் முடிக்காணிக்கை மண்டபத்தில் போய் உட்கார்ந்தார். எழுந்தார். சந்தனம் தடவிக்கொண்டார். கோகுல்ராஜும் வரிசையில் நின்றான். தண்ணீரில் நனைந்து குவிந்து கிடந்த முடியைப் பார்த்தான். நாவிதர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டான்.

"மாமா, ஒரு போட்டோ போதும். அதுல மொட்டையை நானே வரைஞ்சுர்றேன்."

"சாயங்காலம் நேருல போகணுமேடா. அப்ப என்ன பண்ணுவே?"

"குல்லா மாமா! கொடைக்கானல்ல குல்லா போட்டவனை யாரு ஏன்னு கேக்கப் போறா? கல்யாணம் தை மாசம். அதுக்குள்ள முடி வளந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

மணியனுக்கு மனசாட்சி இருந்தது. சர்க்கரை வியாதியும் இருந்தது. அக்கா பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் காட்டுவதில்லை. கோகுல்ராஜ் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். மனசாட்சி வாயைத் திறந்தது, சாப்பிடுவதற்கு.

இப்படித்தான் அடிவாரத்து லாட்ஜ் அறையில் நீலப் பந்து பிறந்தது.

"போன்லயே இதுக்கு ஆப்பு இருக்குமேடா?" என்றார் மணியன் விரலை நக்கிக்கொண்டே.

"பாத்துட்டேன். மொட்டை போடுது. கூடவே நாய்க் காதும் வச்சு விடுது. இதுதான் மாமா நம்ம தொழில்."

தொழில் தெரிந்தவன்தான். ஆனால் அம்மா கூப்பிடக் கூப்பிட அவசரம் கூடியது. சந்தன நிறம் அச்சாக வர வேண்டும் என்று மாமாவின் தலையையே போட்டோ எடுத்து, அந்த நிறத்தின் எண்களை வேறொரு மென்பொருளில் படித்து எழுதியிருந்தான். அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை. ஓப்பன்சிவிக்கு நீலம்தான் முதலில், சிவப்பு கடைசியில். எண்களை அப்படியே தூக்கிப் போட்டதில் சந்தனம் நீலமாகிவிட்டது.

வரிசையைத் திருப்பினான். வட்டம் பெரிதாகி முகத்தையே விழுங்கியிருந்தது. அதனால் படத்தைத் திரைக்குள் அடங்கும்படி சின்னதாக்கிக்கொண்டு, உச்சந்தலை எங்கே இருக்கிறது என்று புதிதாக அளந்தான். படத்தின் இடது மேல் மூலைதான் வாசல். அங்கிருந்து வலப்பக்கம் எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். எண்ணினான். கட்டளையைத் தட்டினான்.

மணியன் பஞ்சாமிர்தத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி! மலைக்கே மொட்டை போட்டுட்டியேடா!"

உண்மைதான். கோகுல்ராஜின் தலையில் முடி அப்படியே இருந்தது. பின்னால், தூரத்தில், பழனி மலையின் உச்சியில் அச்சு அசலான சந்தன வட்டம் உட்கார்ந்திருந்தது. அளந்தது சின்னதாக்கிய படத்தில். வரைந்தது பெரிய படத்தில். மரத்தின் நிழலை அளந்துவிட்டு மரத்தில் ஆணி அடித்த கதை.

"மாமா, கத்தாதீங்க. கணக்கு கொஞ்சம் தப்பிருச்சு."

"மலையோட கணக்கு வச்சுக்காதேடா. பஸ்ஸு இந்த மலைப் பக்கமாத்தான் போகணும்."

எண்களைப் பெரிதாக்கினான். வட்டம் தலைக்கு வந்தது. ஆனால் முழு வட்டம் முழு வட்டம்தான், எப்படிப் பார்த்தாலும் லட்டுக்குச் சட்டை போட்ட மாதிரியே இருந்தது. பாதி வட்டம் போதும், நெற்றியோடு நிறுத்த வேண்டும் என்று புரிந்தது. நீள்வட்டம் வரைகிற கட்டளையில், எந்தக் கோணத்தில் ஆரம்பித்து எந்தக் கோணத்தில் முடிக்க வேண்டும் என்று கொடுத்தால் பாதியை மட்டும் நிரப்பிக் கொடுக்கும். பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது என்று கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் அது மேல் பாதி. கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழாக எண்ணுவதால், அது கீழ்ப் பாதி.

தலையில் கரும் சுருள் முடி. கன்னத்திலிருந்து தாடைவரை மஞ்சளாகச் சந்தனத் தாடி.

மணியன் வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. சாமியார் மாதிரி. பொண்ணு வீட்டுக்காரங்க காலுல விழுந்து கும்பிடுவாங்க. கல்யாணம்தான் நடக்காது."

மறுபடி போன் அடித்தது. அம்மா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கோணத்தை மாற்றினான். இந்த முறை சந்தனம் நெற்றிக்கு மேலே அழகாக உட்கார்ந்தது. ஓரங்களை லேசாக மங்க வைத்தான். காதுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த முடியை இன்னொரு சின்ன வட்டத்தால் மூடினான். முழு மொட்டை. நல்ல மொட்டை. அப்பா வேலப்பனே வந்து நின்ற மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் குளிரெடுத்தது.

அனுப்பினான்.

உடனே அம்மா பேசினாள். குரல் தழுதழுத்தது.

"கண்ணு! இப்பத்தான்யா என் மனசு ஆறுச்சு. இவுக வீட்டு முருகன் படத்துக்கு முன்னால போயிச் சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டேன். 'அப்பனே, ஒன் கடன் தீந்துருச்சு'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் போட்டோவைப் பாத்துட்டாங்க."

கோகுல்ராஜ் திரையில் இருந்த படத்தை மூடினான். "சரிம்மா" என்றான்.

"இருய்யா, வச்சுராத. ரோகிணியோட அப்பா ஒன்னைய மொகம் பாத்துப் பேசணுங்கிறாரு. வீடியோல வா."

"வீ... வீடியோலயா?"

"ஆமா. வெரசா வா."

"அம்மா, ஒரு பத்து நிமிசம். சாமி கும்பிட்டுட்டு வந்துர்றேன்."

போனை வைத்தான். மணியன் டப்பாவை மூடினார்.

"மாப்ளே, உண்மையச் சொல்லிரு. நான் இந்தப் பஞ்சாமிர்தத்தை அப்படியே திருப்பித் தந்துர்றேன்."

"பாதிய காணோம் மாமா. இருங்க, வழி இருக்கு."

வழி இருக்கத்தான் செய்தது. ஓடிவருகிற கேரட்டைத் தேடிப் பிடித்து வட்டம் போடத் தெரிந்தவனுக்கு, ஆடுகிற முகத்தைப் பிடித்து மொட்டை போடுவது பெரிய காரியமா? கேமராவுக்கும் வீடியோ அழைப்புக்கும் நடுவில் தன் நிரலை நுழைத்தான். ஒவ்வொரு நொடியும் முகம் எங்கே என்று பார்க்க வேண்டும், முகத்துக்கு மேலே சந்தனப் பாதி வட்டத்தைக் கவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரையில் பார்த்தான். தலையை ஆட்டினால் மொட்டையும் ஆடியது.

"ஆகா!" என்றார் மணியன், தன்னை மறந்து.

அழைப்பு போனது. அங்கே நாயுடுபுரத்து வீட்டுக் கூடம் தெரிந்தது. நடுவில் அம்மா, மடியில் பழத்தட்டு. பக்கத்தில் மங்கி குல்லாவோடு இராமலிங்கம். அவர் மனைவி தலையில் சால்வை. கதவோரம் குல்லாவும் மப்ளருமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரோகிணி. காப்பி டம்ளர்களோடு குறுக்கும் நெடுக்கும் போய்வந்த அவள் அத்தை கந்தம்மாள் தலையிலும் ஒரு குல்லா. கடையைத் தூக்கி வந்து கூடத்தில் பரப்பிய மாதிரி இருந்தது.

"வாங்க மாப்ள! மொட்டை ஒங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றார் இராமலிங்கம்.

"நன்றிங்க."

"ஒரு விசயம் ஒடைச்சுச் சொல்லிர்றேன் தம்பி. போன வருசம் நெஞ்சு வலி வந்து, டாக்டரே கை விரிச்சாரு. முருகன்தான் என்னையத் திருப்பிக் குடுத்தாரு. அதனால எங்க வீட்டுல நேர்த்திக்கடன்னா வெளையாட்டு இல்ல. அதை ஏமாத்துற குடும்பத்துல பொண்ணு குடுக்க மாட்டேன். ஒங்க போட்டோவைப் பாத்தப்புறந்தான் எனக்கு முழுச் சம்மதம்."

மணியன் ஏதோ முனகினார். என்ன என்று பார்க்கக் கோகுல்ராஜ் அவர் பக்கம் திரும்பினான்.

இங்கேதான் வினை. அவன் நிரலுக்கு நேர்முகம்தான் தெரியும். பக்கவாட்டில் திரும்பினால் அதற்கு முகமே கிடையாது. முகம் இல்லையென்றால் மொட்டையும் இல்லை. நாயுடுபுரத்துக் கூடத்தில் இருந்தவர்கள் கண் முன்னே, மாப்பிள்ளை தலையில் ஒரு நொடியில் சுருள் முடி முளைத்தது. அவன் நேரே திரும்பினான். முடி போய்விட்டது.

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"இப்ப... என்னமோ ஒண்ணு..." என்றார் இராமலிங்கம்.

"நெட்டு சரியில்லைங்க!" என்றான் கோகுல்ராஜ்.

கதவோரத்திலிருந்து ரோகிணி இருமினாள். இருமலுக்கு நடுவில் மெதுவாக, "நேராவே பாருங்க. பக்கத்துல திரும்புனா மொகம் சிக்காது" என்றாள்.

கோகுல்ராஜுக்குப் புல்லரித்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறாளே! அந்த நேரத்திலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றியது.

சட்டென்று அறைக் கதவு திறந்தது. லாட்ஜில் டீ கொண்டுவருகிற பிச்சையம்மாள் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். நல்ல எண்ணெய் வைத்து வாரி, கனகாம்பரம் சுற்றி, பெரிய கொண்டை போட்டிருந்த அம்மாள். "டீ யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப் முன்னால் குனிந்தாள்.

நிரலுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. முகம் என்று கண்டால் மொட்டை போடும். பிச்சையம்மாளுக்கும் போட்டது. ஏற்கெனவே மொட்டையாக இருந்த மணியனுக்கும் மேற்கொண்டு ஒரு மொட்டை போட்டது. சுவரில் தொங்கின காலண்டர் முருகனுக்கும் போட்டது.

திரையில் தன்னைப் பார்த்த பிச்சையம்மாள் வீலென்று அலறினாள்.

"ஐயோ, என் கொண்டை! கொண்டை எங்க?" இரண்டு கையாலும் பின்னந்தலையைப் பிடித்தாள். "இந்தா இருக்கு! அங்க காணோம்! என்னடா பண்ணுனீங்க?"

"யாருய்யா அந்த மொட்டையம்மா?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"யாரைச் சொல்லுறே மொட்டைன்னு? இந்தா பாரு!" என்று பிச்சையம்மாள் சண்டைக்குத் திரும்பிக் கொண்டையைக் காட்டினாள். திரும்பியதும் திரையில் கொண்டை பூவோடு வந்துவிட்டது.

கோகுல்ராஜ் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினான். அவசரத்தில் தட்டியது நிரலை நிறுத்துகிற பொத்தானை. அழைப்பு நிற்கவில்லை. மொட்டைதான் நின்றது. நேர்முகமாக, நல்ல வெளிச்சத்தில், சுருள் சுருளாக முடியோடு நாயுடுபுரத்துக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளைக்கு முடி நல்லா வெரசா வளருது" என்றார் இராமலிங்கம். குரலில் சிரிப்பு இல்லை.

அன்னக்கொடி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பழத்தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் சூடம் ஏத்திட்டேனேய்யா" என்றாள். "கடன் தீந்துருச்சுன்னு அவருகிட்டச் சொல்லிட்டேனே. இப்ப போயி என்னன்னு சொல்லுவேன்?"

திரை இருண்டது.

பிச்சையம்மாள்தான் டீயை ஊற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, இந்த ஊருக்கு எத்தனையோ பேரு முடியக் குடுக்க வாராக. முடியக் காப்பாத்திக்கிட்டு ஓடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

கோகுல்ராஜ் டீயைக் குடிக்கவில்லை. எழுந்தான். செருப்பைக்கூடப் போடாமல் நடந்தான். மணியன் பின்னாலேயே ஓடினார்.

மண்டபத்தில் அதே நாவிதர் நிமிர்ந்து பார்த்தார். "காலைல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுனவருதானே? வயிறு சரியாப் போச்சா?"

"போச்சுங்க. முழு மொட்டை."

"மொட்டைன்னா முழுசுதான். உக்காருங்க."

தலையில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. கத்தி உச்சியிலிருந்து கீழே இறங்கியது.

"பாத்தியா மாப்ளே, இவரும் மேல இருந்து கீழதான் வர்றாரு" என்றார் மணியன், தைரியம் சொல்லுகிற மாதிரி.

"இவரு கணக்கு தப்பாது மாமா" என்றான் கோகுல்ராஜ். மடியில் சுருள் சுருளாக விழுந்ததைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. முடிக்காக வந்ததா, அம்மாவுக்காக வந்ததா என்று அவனுக்கே தெரியாது. சந்தனம் தடவியபோது குளுகுளுவென்று இருந்தது. நிஜச் சந்தனம் அப்படித்தான். வாசனையும் வரும்.

பஸ் மலையேறும்போது காற்று மொட்டைத் தலையில் ஊசி குத்தியது. சாயங்காலத்துக்கென்று வாங்கி வைத்திருந்த குல்லாவை மணியன் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"வேணாம் மாமா."

"சளி பிடிச்சுக்கும்டா."

"பிடிக்கட்டும்."

நாயுடுபுரத்தில் இறங்கியபோது மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. பனிக்குள் மஞ்சளாக இரண்டு உருண்டைகள் நடந்து வருவதைப் பார்த்துத் தெரு நாய்கூடக் குரைக்க மறந்துவிட்டது.

அம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், அதே பழத்தட்டுக்குப் பக்கத்தில். மகனைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். நம்பவில்லை. கையை நீட்டித் தலையைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியது. அதை முகர்ந்தாள். அப்புறம்தான் அழுதாள்.

இராமலிங்கம் எழுந்து நின்றார். ரோகிணி கதவோரத்தில் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோகுல்ராஜ் வாசற்படியிலேயே நின்று பேசினான்.

"நான் செஞ்சது தப்புங்க. எங்கப்பா தலை மாதிரி என் தலையும் ஆயிரும்னு பயந்தேன். ஒங்க பொண்ணோட சடையைப் பாத்ததும் பயம் இன்னும் ஜாஸ்தியாயிருச்சு. இவ்வளவு முடி இருக்கிற பொண்ணு மொட்டையனைக் கட்டுமான்னு நெனச்சேன். படத்துல வட்டம் வரைஞ்சு ஏமாத்தப் பாத்தேன். இப்ப இருக்கிறது நிஜம். தொட்டுப் பாக்கலாம். முடி திரும்ப வருமான்னு தெரியாது. இப்படிப்பட்ட ஆளு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, நாங்க போயிர்றோம்."

ரோகிணி இருமினாள். இருமல் இல்லை அது, சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். இராமலிங்கம் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

அடுப்படியிலிருந்து புதுக் காப்பியோடு வந்த அத்தை கந்தம்மாள், டம்ளரைக் கோகுல்ராஜ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏடி ரோகிணி, அவருதான் உள்ளதைச் சொல்லிட்டாருல்ல, ஒங்கப்பன் பொழைச்சதுக்குப் போன மாசம் நீ போட்ட மொட்டைய இன்னும் எதுக்குடி குல்லாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கே? அந்தப் போட்டோவுல சடைக்குக் கம்ப்யூட்டர்ல கோடு இழுத்தவ நீதான்னு நீயும் சொல்லிரேன்!"